மலேசிய மக்களின் உடைகள்

தென்சீனக் கடலின் இருபுறத்தும் அமைந்துள்ளது மலேசிய நாடு. அதன் ஒரு பகுதி ஆசியப் பெருநிலத்தின் தென்கோடியில் நீண்டு கிடக்கும் தீபகற்பம். மற்றொரு பகுதி போர்னியோத் தீவின் வடபால் உள்ள சபா, சரவாக் என்னும் மாநிலங்கள். மலாயா 1957ஆம் ஆண்டில் விடுதலை பெற்றது. 1963இல் சபாவும் சரவாக்கும் சிங்கப்பூரும் அதனோடு இணைய, மலேசியா உருவாயிற்று. சிங்கப்பூர் 1965இல் பிரிந்து தனிநாடாயிற்று. மலாய்க்காரர், சீனர், தமிழர் முதலான இந்தியர், சரவாக்கின் இபானியர், சபாவின் கடசான் மக்கள், தீபகற்பத்துக் காடுகளை ஒட்டி வாழும் பழங்குடியினர் எனப் பல இனத்தார் இந்நாட்டின் குடிமக்கள் ஆவர்.

இந்நாட்டைப் பற்றிய வண்ணப் படங்களில் இவ்வினத்தார் ஒவ்வொருவரும் தத்தம் உடையில் வரிசையாக நிற்கக் காணலாம். அப்படத்தை நோக்குவோர், ஒவ்வோர் உடையும் அந்தந்த இனத்தாரால் பிறர் தொடர்பின்றித் தொன்றுதொட்டு ஆக்கப்பட்டது என்று எண்ணுதல் இயல்பு. ஆனால் அவ்வுடைகளின் வரலாற்றைச் சற்றே ஆராய்ந்தால், துணி ஒரு நாட்டிலிருந்தும், தைக்கும் முறை மற்றொரு நாட்டிலிருந்தும், பூவேலை வேறொரு நாட்டிலிருந்தும் வந்து கூடியிருத்தல் புலனாகும். கப்பல்கள் வந்து தங்கிய நாட்டில் இவ்வாறு நேர்ந்ததில் வியப்பில்லை.

நிலநடுக்கோட்டை அடுத்த நாடு ஆதலின் அங்கே ஆண்டு முழுவதும் வெப்பம் மிகுதி, மழையும் மிகுதி. பழங்குடியினர் மரப்பட்டையை ஊறவைத்து, தடிகொண்டு அடித்து மெல்லியதாக்கி, அதனையே உடையாகக் கொண்டனர். சிலாங்கூர் மாநிலத்துக் கேரித் தீவில் வாழும் மாமெரி மக்கள் நாள்தோறும் பிறரைப் போலவே உடுத்தினும், விழாக் காலத்தில் பட்டையுடை அணிந்து, ஓலையால் முடைந்த அணிகளைத் தலையிலும் மார்பிலும் பூண்டு ஆடுவர்.

பதினைந்தாம் நூற்றாண்டில் மலாக்கா பெருந்துறைமுகமாக விளங்கியது. கீழ்க்கடல் தீவுகளில் விளைந்த கிராம்பு, சாதிக்காய், மிளகு ஆகியவற்றை வாங்க வந்த வணிகர், விலையாகப் பெரிதும் கொடுத்தது இந்தியத் துணியே. குசராத்தியரும் சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழரும் அவ்வணிகத்தில் முன்னின்றனர். வணிகர் கூட்டம் பெருகியமையால், அவர்தம் காரியங்களைக் கவனிக்க நான்கு துறைத் தலைவர்களை மலாக்கா மன்னர் அமர்த்தியிருந்தனர். 1511இல் போர்த்துகீசியர் மலாக்காவைக் கைப்பற்றிய பின்னும் துணி வணிகம் நிற்கவில்லை.

அவ்வணிகத்தின் சுவடு இன்றும் ஒரு சொல்லில் நிலைத்துள்ளது. மலாய் ஆடவர் வீட்டில் உடுத்துவதும், பலர் பள்ளிவாசலுக்கு உடுத்திச் செல்வதுமாகிய கட்டம் போட்ட கைலிக்கு அவர்கள் மொழியில் 'காயின் பெலிக்காட்' என்று பெயர். 'காயின்' என்றால் துணி. 'பெலிக்காட்' என்பது சென்னைக்கு வடக்கே கடலோரத்தில் உள்ள பழவேற்காட்டின் பெயரே. ஐரோப்பியர் அவ்வூரைப் 'புலிகாட்' என்றனர். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக்காரர் அங்கே கோட்டை கட்டிக்கொண்டு, சுற்றுப்புறத்து நெசவாளர் நெய்த துணிகளைத் தீவுகளுக்கு ஏற்றுமதி செய்தனர். அத்துணி இப்போது வேறு பல இடங்களில் நெய்யப்படுகிறது. ஆயினும் பெயர் மாறவில்லை. தம் ஊரின் பெயரை ஒரு நாட்டு மக்கள் நாள்தோறும் இடையில் உடுத்துகின்றனர் என்பதைப் பழவேற்காட்டு மீனவருள் எத்தனை பேர் அறிவர்!

மலாய்ப் பெண்டிரின் உடை 'பாஜு கூரோங்' எனப்படும். 'பாஜு' என்பது சட்டை. 'கூரோங்' என்பதற்கு அடைத்தல், சூழ்தல் என்பன பொருள். முழங்கால் வரை தொங்கும் நீண்ட தளர்ந்த சட்டையும், கணுக்கால் வரை மறைக்கும் பாவாடையும் சேர்ந்தது இவ்வுடை. அக்குளில் ஒரு சிறு சதுரத் துண்டும், பக்கங்களில் கீழே அகன்று செல்லும் துண்டுகளும் வைத்துத் தைப்பர். ஆதலின் உடல் பிடிபடாது. காற்று உள்ளே புகுந்து வெளிவரும். அந்நாட்டு வெப்பத்திற்கு இதனினும் ஏற்ற தையல் கிடைத்தல் அரிது. கழுத்தின் விளிம்பில் நுண்ணிய பின்னல் தையல் ஒன்று ஓடும். அதனை 'விலாங்கு எலும்பு' என்று பொருள்படும் பெயரால் அழைப்பர். விலாங்கு மீனின் முள்ளைக் கண்டவர் அப்பெயரின் பொருத்தத்தை உணர்வர். ஜொகூர் வகைப் பாஜு கூரோங்கை அமைத்தவர் அந்நாட்டுச் சுல்தான் அபு பக்கார் என்பர்.

ஆடவர் சட்டையும் காற்சட்டையும் அணிந்து, இடையில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு, தலையில் 'சொங்கோக்' என்னும் கரிய வெல்வெட்டுத் தொப்பி வைப்பர். விழா நாளில் இடையில் சுற்றும் அத்துணிதான் ஆடவர் உடையில் விலைமிக்கது. அது பெரும்பாலும் 'சோங்கெட்' என்னும் சரிகைத் துணியாக இருக்கும்.

சோங்கெட் நெசவுக்குப் பேர்பெற்றவை கீழைக் கரையில் உள்ள திரங்கானு, கிளந்தான் ஆகிய மாநிலங்கள். பாவு நூலில் வேண்டியவற்றை மட்டும் எண்ணித் தூக்கி, அவற்றினிடையே சரிகையைக் கூடுதல் ஊடையாகச் செலுத்துவதே இந்நெசவின் நுட்பம். எந்த எந்த நூலைத் தூக்க வேண்டும் என்பதனை ஈர்க்குப் போன்ற மெல்லிய குச்சிகளைப் பாவினிடையே செருகி நெசவாளர் குறித்துக்கொள்வர். ஒரு நூல் பிழைபட்டால் பூ கோணும். பெருந்துணி ஒன்றை நெய்து முடிக்கப் பல வாரங்கள் செல்லும். வேலை நுண்ணியதாயின் மாதங்களும் ஆகும். துணியின் தலைப்பில் வரிசையாக எழும் முக்கோணங்களை 'மூங்கிற் குருத்து' என்பர். மலாய்க்காரர் மூங்கிற் குருத்தை உண்பவர். ஆதலின் அடுக்களையில் கண்ட வடிவமே அரசவைத் துணியிலும் ஏறிற்று. ஆனால் அதில் மின்னிய சரிகையும் பட்டும் உள்நாட்டில் விளைந்தவை அல்ல. இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் கப்பலில் வந்தவை.

முற்காலத்தில் சோங்கெட் அரசர்க்கும் உயர்குடியினர்க்கும் உரியதாக இருந்தது. மஞ்சள் நிறமோ அரசர்க்கே உரியது. பொதுமக்கள் சோங்கெட் அணிந்தது திருமண நாளில்தான். மணமகனையும் மணமகளையும் 'ஒருநாள் அரசர்' என்று அழைப்பது மலாய் வழக்கு. மேடையிட்டு, இருவரையும் சோங்கெட் உடையில் வீற்றிருக்கச் செய்து, உற்றாரும் ஊராரும் வந்து வாழ்த்துவர். ஏழை உழவன் மகனும் அன்று ஒருபொழுது அரசனாவான்.

அக்கரையில் பாத்திக் துணியும் உண்டு. உருக்கிய மெழுகால் வெள்ளைத் துணியில் கோடிட்டு, கோடுகளுக்கு நடுவே தூரிகையால் வண்ணம் தீட்டுவர். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. இக்கலை ஜாவாவிலிருந்து வந்தது. எனினும் மலாய்க் கைகளில் அது பெரும் பூக்களும் இலைகளுமாக வேறொரு முகம் கொண்டது.

சீனர் பெருந்தொகையினராக மலாயாவுக்கு வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். ஈயச் சுரங்கங்களிலும் துறைமுகங்களிலும் உழைக்க வந்த அவர்களுள் ஏழைப் பெண்டிர் அணிந்தது 'சம்ஃபூ' எனப்படும் சட்டையும் காற்சட்டையும் ஆகும். நீரில் நின்று ஈயமணலை மரத்தட்டில் அரித்தெடுத்த பெண்கள் இவ்வுடையோடு அகன்ற தொப்பியும் அணிந்தனர். படங்களில் சீனர் உடையாகக் காட்டப்படும் 'சியோங்சாம்' இதனினும் வேறானது. நிமிர்ந்த கழுத்துப்பட்டியும், மார்பின் குறுக்கே சாய்ந்து செல்லும் திறப்பும், துணியை முறுக்கி முடிச்சிட்ட பொத்தான்களும் உடையது அது. மஞ்சு இனத்தாரின் நீண்ட அங்கியோடு தொடர்புடைய அவ்வுடை, 1920களில் ஷாங்காய் நகரத்தில் உடலை ஒட்டிய புதுவடிவம் பெற்றது. ஆகவே தொன்மையானது என எண்ணப்படும் இவ்வுடையின் இன்றைய வடிவத்திற்கு நூறு ஆண்டுகளே ஆகின்றன.

இவர்கள் வருமுன்பே, பல தலைமுறைகளுக்கு முன், மலாக்காவிலும் பினாங்கிலும் குடியேறிய சீன வணிகர் உண்டு. அவர்கள் உள்நாட்டுப் பெண்களை மணந்தனர். அவர்தம் வழித்தோன்றல்களுள் ஆடவர் 'பாபா' என்றும், பெண்டிர் 'நியோஞா' என்றும் அழைக்கப்படுவர். வீட்டில் பேசுவது மலாய். வணங்குவது சீன முன்னோரை. அப்பெண்களின் 'கெபாயா' என்னும் மேற்சட்டையைப் போலக் கலப்பின் அழகைக் காட்டும் உடை வேறொன்றைக் காட்டல் அரிது.

கெபாயா முன்புறம் திறந்த, இடையை ஒட்டிய மெல்லிய சட்டை. அதற்குரிய வாயில் துணி ஐரோப்பிய ஆலைகளிலிருந்து வந்தது. அதன் ஓரங்களில் சீனருக்கு உகந்த பியோனி மலரும் பீனிக்ஸ் பறவையும் பூவேலையாக மலரும். அப்பூவேலையைக் கையால் மட்டுமன்றித் தையற்பொறியாலும் செய்தனர் என்பது கருதத்தக்கது. மிதிபொறியின் ஊசிக்கடியில் துணியை விரலால் நகர்த்தி நகர்த்திச் சல்லடை போன்ற துளைவேலையையும் செய்து முடித்தனர். இச்சட்டைக்குப் பொத்தான் இல்லை. சங்கிலியால் பிணைத்த மூன்று பொன் பதக்கங்களே அதனை மூடும். அவற்றுள் பெரியதனைத் 'தாய்' என்றும் சிறியனவற்றைப் 'பிள்ளைகள்' என்றும் சொல்வர். கீழே உடுத்தும் பாத்திக் கைலி ஜாவாவின் பெக்காலோங்கான் நகரத்தினது. காலில் அணியும் செருப்பின் மேற்பகுதியில் கடுகினும் சிறிய கண்ணாடி மணிகளை ஒவ்வொன்றாகக் கோத்துத் தைப்பர். அம்மணிகளும் ஐரோப்பாவிலிருந்து வந்தவையே. ஒரு பெண் தலைமுதல் கால்வரை உடுத்து நின்றால் நான்கைந்து நாடுகள் அங்கே ஒருங்கே நின்றன. ஆயினும் கண்டவர் எவரும், 'இவள் நியோஞா' என்றே கூறுவர்; வேறொருத்தி என மயங்கார்.

மலாக்கா செட்டிகளின் நிலையும் இத்தகையது. சுல்தான்கள் காலத்தில் தமிழகத்திலிருந்து வணிகத்தின் பொருட்டுச் சென்று, அங்கேயே மணம் புரிந்து தங்கியவர்களின் வழியினர் இவர்கள். காலப்போக்கில் தமிழ்மொழி இவர்கள் நாவினின்று நீங்கிற்று, மலாய் குடிபுகுந்தது. பெண்டிர் சேலையை விட்டுக் கெபாயாவும் கைலியும் உடுத்தலாயினர். ஆனால் சமயத்தை விட்டிலர். 1781இல் மலாக்காவில் இவர்கள் எழுப்பிய பொய்யாத விநாயகர் ஆலயம் இன்றும் வழிபாட்டில் உள்ளது. காஜா பேராங் என்னும் இவர்களது குடியிருப்பில் பொங்கலும் முன்னோர் படையலும் தவறாது நிகழ்கின்றன. கெபாயா அணிந்த மூதாட்டி மாரியம்மன் முன் நின்று மலாய் மொழியில் வேண்டுவதை முதன்முறை காணும் தமிழர் திகைப்பர். மொழியும் உடையும் மாறிய பின் எஞ்சுவது யாது என்னும் வினாவுக்கு விடையாக அச்சிறு சமூகம் வாழ்ந்து வருகிறது.

ரப்பர்த் தோட்டங்களில் உழைக்கச் சென்ற தமிழரின் கதை வேறு. அவர்கள் சென்றது பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுகளில். கூட்டம் கூட்டமாகச் சென்று, கூட்டமாகவே வாழ்ந்தமையால் மொழியும் சேலையும் நிலைத்தன. எனினும் தோட்டத்துப் பெண் சேலையின் மேல் ஆடவர் அணியும் முழுக்கைச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டாள். தலையைத் துணியால் இறுகக் கட்டினாள். விடியுமுன் மரங்களைச் சீவச் செல்பவளைக் கொசுவினின்று அச்சட்டை காத்தது. ரப்பர்ப் பால் தெறித்த துணி கறுத்துப் போகும். எத்துணை வெளுத்தாலும் கறை போகாது. ஆதலின் நல்ல சேலை பெட்டிக்குள் கிடந்தது; தீபாவளிக்கும் தைப்பூசத்திற்கும் வெளிவந்தது. சேலைமேல் சட்டை அணிந்த அவ்வுருவம் எந்த வண்ணப் படத்திலும் இடம் பெறுவதில்லை. மலாயாத் தமிழரின் உடை எது என்று வினவினால், உண்மையில் அதனையே முதலிற் சொல்லவேண்டும்.

கடலைக் கடந்து சரவாக்கை அடைந்தால், உடையும் துணியும் பிறிதொரு பொருள் கொள்ளக் காணலாம். அங்கே பெருந்தொகையினரான இபானியர், ஆற்றங்கரைகளில், பல குடும்பங்கள் ஒரே கூரையின்கீழ் வாழும் நெடுவீடுகளைக் கட்டி வாழ்ந்தவர். விழாவில் அவர்தம் பெண்டிர் முழங்கால் அளவான நெய்த கைலியும், தோளை மூடும் மணிமாலைப் பின்னலும், உயர்ந்த வெள்ளித் தலையணியும், வெள்ளி அரைக்கச்சும் பூண்பர். ஆடவர் நீண்ட கோவணமும், இருவாட்சிப் பறவையின் இறகு செருகிய தலையணியும் அணிவர். ஆனால் இபானியர் உயிரினும் பெரிதாக மதித்தது உடுக்கும் உடையை அன்று. 'புவா கும்பு' என்னும் போர்வையையே.

புவா கும்பு நெய்யும் முறை கடினமானது. பாவு நூலைச் சட்டத்தில் விரித்து, சாயம் ஏறவேண்டாத இடங்களை நாரினால் இறுகக் கட்டி, சாயத்தில் தோய்ப்பர். உலர்ந்தபின் சில கட்டுகளை அவிழ்த்து, வேறு சில இட்டு, மறுபடியும் தோய்ப்பர். எல்லாம் முடிந்து கட்டுகளை நீக்கினால், நெய்யுமுன்பே பாவில் உருவம் தோன்றி நிற்கும். பின்னர் இடுப்பில் வாரினால் பிணைத்துக்கொள்ளும் சிறு தறியில் நெய்வர். செம்பழுப்பு நிறம் 'எங்குடு' என்னும் நுணா இனத்து மரவேரிலிருந்து கிடைப்பது. அச்சாயம் பருத்தி நூலில் எளிதில் பற்றாது. நூலைப் பதப்படுத்தக் காட்டுச் சரக்குகளையும் உப்பையும் கொழுப்பையும் அளவறிந்து கூட்டவேண்டும். 'ஙார்' எனப்படும் இச்சடங்கை நடத்த வல்ல பெண் நெடுவீட்டில் மிக உயர்ந்த மதிப்புப் பெற்றாள். ஆடவர் போர்க்களத்தில் பெற்ற புகழுக்கு நிகராக இது கருதப்பட்டது. 'பெண்டிர் போர்' என்றே இபானியர் இதனை அழைத்தனர். அக்காலத்தில் போரில் வென்றோர் கொணர்ந்த பகைவர் தலைகளை எதிர்கொண்டு வாங்கவும் பெண்டிர் இத்துணியையே ஏந்தினர். குழந்தை பிறந்தாலும், ஒருவர் இறந்தாலும் இத்துணி வேண்டியிருந்தது.

சிறந்த உருவங்கள் கனவில் தெய்வத்தால் அருளப்படுவன என்பது அவர்தம் நம்பிக்கை. இளம்பெண் முதலில் எளிய உருவங்களையே நெய்யலாம். ஆற்றல் மிக்க உருவத்தை அனுபவமின்றித் தொட்டால் நோயுறுவாள் என அஞ்சினர். இந்த அச்சத்துள் நல்லதோர் ஆசிரியமுறை அடங்கியிருந்தது. எளியதிலிருந்து அரியதற்கு, மூத்தாளின் கண்முன்னே, ஆண்டுக்கணக்கில் பயின்றே ஒருத்தி தேர்ச்சி பெற்றாள். எழுத்தில் எழுதாத இக்கல்வி தாயிடமிருந்து மகளுக்கும், பாட்டியிடமிருந்து பேத்திக்கும் சென்றது.

சபாவின் கடசான் மக்கள், கரிய வெல்வெட்டில் பொன்னிறப் பட்டியிட்ட உடையை மே மாத இறுதியில் வரும் அறுவடை விழாவில் அணிவர். பெண்டிர் இடையில் வெள்ளிக் காசுகளைக் கோத்த கச்சை விளங்கும். வெல்வெட்டும் வெள்ளிக் காசும் வணிகர் கொணர்ந்தவையே எனினும், இன்று அவையின்றிக் கடசான் உடையை எண்ணிப் பார்த்தலும் இயலாது.

இங்ஙனம் அயலார் பொருளை ஏற்றதனால் எந்த உடையும் அழிந்ததில்லை, வளமே பெற்றது. அழிவு வேறு வழியில் வருகிறது. சோங்கெட் பூக்களைப் பொறியால் அச்சிட்ட துணி இன்று கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. புவா கும்பு உருவங்களும் அவ்வாறே அச்சிடப்பட்டுச் சட்டைகளிலும் பைகளிலும் காணப்படுகின்றன. தொலைவில் நின்று காண்பவர்க்கு வேறுபாடு தெரியாது. வாங்குவோரையும் குறைகூறல் தகாது. மாதக்கணக்கான உழைப்பின் விலையை யாவரும் தரவல்லவர் அல்லர். ஆனால் உருவம் அச்சில் நிலைப்பினும், வேரைத் தோண்டி, உப்பை அளந்து, கட்டை அவிழ்க்கும் நேரம் அறிந்த கை அச்சில் நிலையாது. நெடுவீட்டு இளைஞர் கல்விக்கும் வேலைக்கும் நகரங்களை நாடிச் செல்ல, முதியவளின் தறியருகே அமர்வதற்கு ஆள் குறைகிறது. ஒரு மூதாட்டி தன் அறிவை ஒருவரிடமும் ஒப்படைக்காது மறைந்தால், அதனை மீட்டுத் தர நூலகம் எதுவும் இல்லை.

இந்நிலையை உணர்ந்தோர் வாளா இருக்கவில்லை. மலேசியாவின் சோங்கெட் நெசவு 2021ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2024இல் கெபாயாவும் இடம் பெற்றது. அதற்கென விண்ணப்பித்தது மலேசியா மட்டும் அன்று. புருணை, இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகியவையும் உடன் சேர்ந்தன. எங்களுடையது என்று ஐந்து நாடுகள் வழக்காடாமல் ஒன்றாகச் சொல்லக்கூடிய சட்டையாகக் கெபாயா அமைந்தது.

அன்றாட வாழ்விலோ கொடுக்கல் வாங்கல் எந்தப் பட்டியலுக்கும் காத்திராமல் நடைபெறுகிறது. பாஜு கூரோங் அந்நாட்டு அரசுப் பள்ளிகளில் மாணவியர் சீருடைகளுள் ஒன்று. தமிழ்ப் பெண்களும் சீனப் பெண்களும் அதனை அணிந்து அலுவலகங்களுக்குச் செல்கின்றனர். மலாய்ப் பெண்டிர் சிலர் பஞ்சாபியரின் சல்வார் உடையை விரும்பி அணிவர். கோலாலம்பூரில், 1863இல் எழுந்த இந்தியப் பள்ளிவாசலின் பெயரால் வழங்கும் மஸ்ஜித் இந்தியா வீதியில், துணிக்கடை வைத்திருப்போருள் தமிழ் முசுலிம்கள் பலர். நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரங்களில் அங்கே மலாய்க் குடும்பங்கள் நெருக்கமாய்க் கூடிப் புத்தாடைக்குத் துணி தேர்வர். அலமாரியிலிருந்து விரிக்கப்படும் துணிகளுள் இந்தியச் சேலைகளும் இருக்கும். தாயும் மகளும் கரையையும் முந்தானையையும் ஒளியில் பிடித்துப் பார்த்து, கரை சட்டையின் விளிம்பில் வருமாறும், முந்தானை கைப்பகுதியில் வருமாறும் அளந்துகொண்டு, அதனைப் பாஜு கூரோங்காகத் தைக்கத் தையற்காரரிடம் எடுத்துச் செல்வர்.